இரத்தம் உறைவதை அளக்கும் முறுக்குக் கம்பி

சேலம் - நாமக்கல் ரோட்டில் லாரி மோதி ஒருவர் அடிபட்டால் இரத்தம் கொட்டுவது மட்டும் ஆபத்தில்லை. மிச்சமுள்ள இரத்தமும் உறையும் சக்தியை இழக்கும். உடம்பு சில்லிட்டால் இன்னும் மோசம்.

அவருக்குப் பிளாஸ்மா ஏற்றுவதா, பிளேட்லெட்டா? லேப்பில் பார்க்கும் 'புரோத்ராம்பின் டைம்' உறையத் தொடங்கும் நேரத்தைத்தான் சொல்லும். உறைந்த கட்டியின் உறுதியைச் சொல்லாது.

அதைச் சொல்வது 1948-இல் ஜெர்மனியில் ஹார்ட்டர்ட் வெளியிட்ட 'த்ராம்போ எலாஸ்டோகிராபி'. தத்துவம் நாம படிக்கிற டார்ஷன்தான்! 37 டிகிரி செல்சியஸில், இரத்தம் உள்ள சின்னக் கப் 4.75 டிகிரி முன்னும் பின்னும் திரும்பும். அதற்குள் முறுக்குக் கம்பியில் ஒரு பின் தொங்கும். இரத்தம் நீராக இருக்கும்வரை பின் அசையாது. உறைய உறையக் கப்போடு சேர்ந்து திரும்பும். அந்த அசைவே கோடாக விழும்.

கோடு விரியத் தாமதமானால் பிளாஸ்மா தேவை. அகலம் போதாவிட்டால் பிளேட்லெட் அல்லது ஃபைப்ரினோஜன். விரிந்தது சீக்கிரமே சுருங்கினால் கட்டி கரைகிறது. டிரானெக்ஸாமிக் அமிலம் வேண்டும். இந்த மருந்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

எது குறைகிறது என்று மெஷின் சொல்லும். இரத்தத்தை அதனால் செய்ய முடியாது. 18 வயதும் 45 கிலோ எடையும் உள்ள நாமதான் கொடுக்கணும்!