மெர்டேக்கா விளையாட்டரங்கம்

கோலாலம்பூரில் உள்ள மெர்டேக்கா விளையாட்டரங்கம் நம் நாட்டு வரலாற்றின் சிறப்புமிக்க சின்னமாகும். இது சுதந்திர விழாவிற்கென்றே கட்டப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காலையில், நமது கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் இங்குதான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து, ‘மெர்டேக்கா’ என ஏழு முறை முழங்கினார். ஏறத்தாழ 20,000 மக்கள் உடன் முழங்கினர்.

அதன்பின் இவ்வரங்கம் பலவகை விளையாட்டுகளுக்கும் களமாயிற்று. மெர்டேக்கா காற்பந்துப் போட்டி பல்லாண்டுகள் இங்கு நடைபெற்றது. 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என வென்றது; நம் மலேசியா நான்காம் இடம் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி, 15 சுற்றுகள் பொருதி ஜோ பக்னரை வென்றார்.

1998இல் புக்கிட் ஜாலில் அரங்கம் திறக்கப்பட்டபின் பெரும் போட்டிகள் அங்குச் சென்றன. எனினும், மெர்டேக்கா அரங்கம் கைவிடப்படவில்லை. அதன் பழைய தோற்றம் மாறாது புதுப்பிக்கப்பட்டு, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதைப் பெற்றது.

மாணவர்களே! பெருமை கட்டடத்தின் அளவில் இல்லை; அதைப் பேணுவோரின் கையில் உள்ளது. நமது தோட்டத்துத் திடலையும் நாம் அவ்வாறே பேணுவோமாக. பெற்றோர்களும் தலைநகர் செல்லும்போது, தம் பிள்ளைகளுக்கு இவ்வரங்கத்தைக் காட்டி அதன் வரலாற்றை எடுத்துரைப்பார்களாக.