நமக்கு நாமே போடும் முட்டுக்கட்டை

மாணவர்களே, இந்தக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். நாளை காலையில் எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வு. கூடுதல் கணிதத் தாள். இரவு எட்டு மணிக்கு ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி புத்தகத்தை விரித்து அமர்கிறாள். முதல் கணக்கிலேயே தடுமாற்றம். நெஞ்சு படபடக்கிறது. திடீரென்று, பல மாதங்களாகக் கலைந்து கிடக்கும் அலமாரியை இன்றே அடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடுக்கி முடித்ததும் கைப்பேசி. 'ஒரே ஒரு காணொளி' என்று தொடங்கியது, பின்னிரவு ஒன்றரை மணிக்குத்தான் முடிகிறது.

மறுநாள் தேர்வு மண்டபத்தின் வாசலில், யாரும் கேட்பதற்கு முன்பே தோழிகளிடம் அவள் சொல்கிறாள்: "நான் ஒன்னுமே படிக்கல லா!"

இதே வாசகத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். வீட்டில் இதைச் சோம்பல் என்பார்கள். உளவியல் அறிஞர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். தாளைக் கையில் வாங்கும் முன்பே அவள் ஏன் காரணத்தைத் தயாராக வைத்துக்கொள்கிறாள்?

தன்முடக்கம் என்றால் என்ன?

தோல்வி வந்தால் பழியைச் சுமப்பதற்கு ஒரு தடையை முன்கூட்டியே நாமே உருவாக்கிக்கொள்வதைத் தன்முடக்கம் எனலாம். இதை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவர். அவர்களின் ஆய்வு 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பல்கலைக்கழக மாணவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு விடை காணக்கூடிய வினாக்கள். மற்றொரு பிரிவுக்கோ பெரும்பாலும் விடையே இல்லாத வினாக்கள். ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஆனால், இரு பிரிவினரிடமும் "மிகச் சிறப்பாகச் செய்தீர்கள்" என்றே கூறப்பட்டது. அடுத்து இன்னொரு தேர்வு. அதற்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று சிந்தனைத் திறனைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும் என்று விளக்கப்பட்டது. உண்மையில் யாருக்கும் மருந்து கொடுக்கப்படவில்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் சோதனை.

விடையில்லாத வினாக்களுக்குப் பாராட்டுப் பெற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், திறனைக் குறைக்கும் மருந்தையே அதிகம் நாடினார்கள்!

ஏன் அப்படி? தாங்கள் எப்படி வெற்றி பெற்றோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மறுமுறை அதே வெற்றி வருமா என்ற ஐயம் உள்ளே அரிக்கிறது. திறனைக் குறைக்கும் மருந்து கையில் இருந்தால் கவலையில்லை. தோற்றால், "மருந்தினால் வந்தது" என்று சொல்லிக்கொள்ளலாம். வென்றால், "மருந்தையும் மீறி வென்றேன்" என்று பெருமைப்படலாம். நம் மாணவியின் கைப்பேசியும் அந்த மருந்தும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவள் காத்துக்கொள்ள நினைப்பது, "நான் கெட்டிக்காரி" என்ற எண்ணத்தை.

அந்த உந்துதல் ஏன் திடீரென்று வருகிறது?

கடினமான கணக்கைப் பார்த்ததும் படபடப்பு எழுகிறது. புத்தகத்தை மூடியதும் அது தணிகிறது. அந்த நிம்மதி உடனே கிடைப்பதால், 'மூடினால் சுகம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. துன்பத்தை நீக்கும் செயல் மேலும் மேலும் வலுப்பெறுவதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். நிம்மதி சில நொடிகளில் வருகிறது. மதிப்பெண் பல வாரங்கள் கழித்துத்தான் வருகிறது. அதனால்தான் எதிர்கால இழப்பு அந்த நேரத்தில் பெரிதாகத் தெரிவதில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த உதவும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பதால், பதின்ம வயதில் இந்தப் போராட்டம் கூடுதல் கடினம்.

பாராட்டும் சுமையாகலாம்

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், வேறு சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். பின்னர் எல்லாருக்கும் மிகக் கடினமான வினாக்கள் தரப்பட்டன. அதில் தடுமாறிய பிறகு, 'புத்திசாலிகள்' விரைவில் ஆர்வம் இழந்தனர். அடுத்த சோதனையில் அவர்களின் மதிப்பெண்ணும் குறைந்தது. உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னேறினார்கள். 'புத்திசாலி' என்பது ஒரு பட்டமாகிவிட்டால், ஒவ்வொரு தேர்வும் அந்தப் பட்டத்தைப் பறிக்க வரும் எதிரியாகத் தோன்றும்.

முட்டுக்கட்டையை அகற்றுவது எப்படி?

முதலாவது, சாக்கைக் கண்டுபிடியுங்கள். தேர்வுக்கு முன் "படிக்கல", "தூங்கல" என்று சொல்ல வாய் வரும்போது, 'நான் எதற்குப் பயப்படுகிறேன்?' என்று உங்களையே கேளுங்கள்.

இரண்டாவது, முன்கூட்டியே திட்டமிடுங்கள். 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிடுவது நல்ல பலன் தருவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியுள்ளார். "கைப்பேசியை எடுக்கத் தோன்றினால், முதலில் ஒரு கணக்கின் முதல் வரியை மட்டும் எழுதுவேன்" என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள்.

மூன்றாவது, உங்களை மன்னியுங்கள். 2010ஆம் ஆண்டில் வெளியான கனடிய ஆய்வு ஒன்றில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வுதான் வரும். அதிலிருந்து தப்பிக்க மீண்டும் கைப்பேசியைத்தான் தேடுவோம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். குறைந்த மதிப்பெண் எல்லாமே தன்முடக்கம் ஆகாது. பாடம் புரியாமல் இருக்கலாம். வீட்டில் சிக்கல் இருக்கலாம். மேலும், உங்களையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால், அது இந்தக் குறிப்புகளால் தீரும் விஷயம் அன்று. தனியாகச் சுமக்காமல் பெற்றோரிடமோ, பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அன்றே சொல்லுங்கள். 03-7627 2929 என்ற எண்ணில் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பிடமும் பேசலாம்.

சரி, அந்த மாணவியிடம் திரும்புவோம். அவள் எட்டு மணிக்கே அமர்ந்து படித்து, அப்படியும் 48 மதிப்பெண் வாங்கினால் என்ன ஆகும்? வலிக்கும். ஆனால், எந்தக் கணக்கு தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ஆசிரியரிடம் போய்க் கேட்கலாம். படிக்காமல் வாங்கிய 48 அவளுக்கு எதையுமே சொல்லாது. சாக்கு அவள் பெயரைக் காப்பாற்றும்; கணக்கைக் கற்றுத் தராது.

செய்து பாருங்கள்: அடுத்த தேர்வுக்கு முந்தைய வாரம், படிப்பதை விட்டு எழுந்த ஒவ்வொரு முறையும் நேரத்தையும், அதற்குச் சற்று முன் மனத்தில் தோன்றியதையும் ஒரே வரியில் குறித்து வையுங்கள். வார இறுதியில் படித்துப் பாருங்கள். ஒரே எண்ணம் எத்தனை முறை வந்திருக்கிறது?