விருது யாருக்கு? முன்கூட்டிச் சொல்லும் கணக்கு

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு வரும் காலை மின்சார இரயிலில், அரசியலுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது திரைப்படமே ஆகும். 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் 2025 ஆகஸ்டு 1ஆம் நாள் அறிவிக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன்பு நானும் என் வகுப்பு நண்பர் ஒருவரும் எங்கள் ஊகங்களைத் தனித்தனித் தாளில் எழுதி மடித்து வைத்தோம்.

சிறந்த படம் ‘டுவெல்த் ஃபெயில்’, சிறந்த நடிகர் அப்படத்தின் விக்ராந்த் மாஸி, சிறந்த தமிழ்ப் படம் ‘விடுதலை’ முதற் பாகம் என்பன நான் எழுதியவை. முதலாவது பலித்தது. இரண்டாவது பாதி பலித்தது. விக்ராந்த் மாஸியும் ஷாருக் கானும் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டனர். மூன்றாவது பொய்த்தது; தமிழுக்கான விருதைப் பெற்றது ‘பார்க்கிங்’. அதே படத்திற்காக எம். எஸ். பாஸ்கர் சிறந்த துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அவர் பெயர் எங்கள் இருவர் தாளிலும் இல்லை.

“எல்லாம் வேண்டியவர்களுக்குக் கொடுப்பதுதானப்பா” என்று நண்பர் சினந்து தாளைக் கிழித்துப் போட்டார். ஊகம் பொய்த்தால் தேர்வு பழுது என்று ஆகிவிடுமா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைத் தேர்வுகள்

அமெரிக்காவின் ஆஸ்கர் விருதுக்கு வாக்களிப்போர் ஒன்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம் போன்ற தொழிற்சங்கங்களிலும் உறுப்பினர்கள். அச்சங்கங்கள் பெரும்பாலும் ஆஸ்கருக்கு முன்னரே தத்தம் விருதுகளை அறிவித்துவிடுகின்றன. ஆகவே வாக்காளர் மனம் முன்பே ஓரளவு வெளிப்பட்டுவிடுகின்றது. 1948 முதல் 2025 வரை, இயக்குநர் சங்க விருதைப் பெற்றவருக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிட்டாமற்போனது 8 முறை மட்டுமே. 2020இல் அவ்வாறு நேர்ந்தது: சங்க விருது ‘1917’ படத்தின் சாம் மெண்டஸுக்கும், ஆஸ்கர் ‘பாரசைட்’ படத்தின் பொங் ஜூன்-ஹோவுக்கும் சென்றன.

நம் தேசிய விருதுகள் 1954 முதல் வழங்கப்படுகின்றன. இங்கு முறை வேறு. மண்டலக் குழுக்கள் பரிந்துரைத்த படங்களைப் பார்த்து இறுதி முடிவு செய்வோர் பத்துப் பதினொரு பேரே. ஆண்டுதோறும் குழுவினர் மாறுவர். முன்பட்டியல் வெளியிடப்படுவதில்லை, கலந்துரையாடல் அறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

கணக்கு கூறுவது

என் தமையனார் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகின்றார். “அஞ்சு பீஸை மட்டும் பார்த்து ஒரு லாட்டையே பாஸ் பண்ணினா ஏமாந்துபோவோம் தம்பி” என்பார். நம் வினாவுக்கான விடை இக்கூற்றிலேயே அடங்கியுள்ளது.

இரண்டு படங்கள் போட்டியில் உள்ளன எனக் கொள்வோம். கலையறிந்தோருள் 100க்கு 55 பேர் முதற் படத்தையே விரும்புகின்றனர். அவர்களிலிருந்து குலுக்கல் முறையில் 11 பேரை எடுத்து வாக்களிக்கச் செய்தால், முதற் படம் வெல்லும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 63தான். 1001 பேரை எடுத்தால் அதே வாய்ப்பு 1000க்கு 999 ஆக உயர்ந்துவிடும்! விருப்பத்தின் அளவு மாறவில்லை. தேர்வாளர் எண்ணிக்கையே மாறியது. எனவே நாட்டின் மனத்தை முழுதும் அறிந்த ஒருவர் சொன்னாலும், சிறு குழுவின் தீர்ப்பைப் பற்றிய ஊகம் 100க்கு 37 முறை தவறும். அதில் சூழ்ச்சி எதுவும் இருக்கவேண்டியதில்லை.

வரலாறு கூறுவது

சிறந்த நடிகருக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கிற்று. 1971இல் வெளிவந்த ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திற்காக எம்.ஜி.ஆர். அதனைப் பெற்றார். நடிகர் திலகம் சிவாஜி கணேசனோ அவ்விருதை ஒருமுறையும் பெற்றாரில்லை; 1992ஆம் ஆண்டுப் படமான ‘தேவர் மகன்’ படத்திற்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதே அறிவிக்கப்பட்டது. திறமையை மட்டும் கருதி ஆண்டுதோறும் அவர் பெயரை எழுதி வைத்தவர் ஆண்டுதோறும் தோற்றிருப்பார். அதனால் சிவாஜியின் நடிப்பு குறைந்துவிட்டதா? இல்லை அன்றோ!

அப்படியாயின் பெருங்கூட்டத்தின் தேர்வே நீதியானது எனலாமா? அதுவும் பொருந்தாது. ‘தெய்வ மகன்’ தொடங்கி ‘நாயகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எனப் பல தமிழ்ப் படங்கள் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டன. ஒன்றுகூட இறுதிப் பட்டியலை எட்டவில்லை. ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மையான புலி விருதையே வென்ற படமாகும். பார்க்காத படத்திற்கு யாரும் வாக்களிக்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பார்க்கச் செய்யும் விளம்பரத்திற்கோ பெரும்பணம் வேண்டும். ஆக, எளிதில் ஊகிக்கத்தக்க தேர்வு நேர்மையானது என்றோ, ஊகிக்க இயலாதது நேர்மையற்றது என்றோ கொள்ளலாகாது. ஊகம் என்பது தேர்வோரைப் பற்றிய அறிவு. படத்தின் தரத்தை அறிய, படத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முடிவுரை

இக்கணக்கை நான் போட்டுப் பார்த்ததற்கு விருது மட்டுமே காரணமன்று. அறிவிப்பு வந்து சில வாரங்களில், தொழிற்சாலை ஒன்றின் நேர்முகத் தேர்வில் மூவர் கொண்ட குழுவின்முன் அமர்ந்தேன். தேர்வாகவில்லை. படித்த படிப்பே வீண் என்று மூன்று நாள் யாரிடமும் பேசாதிருந்தேன். நான்காம் நாள் இரவு, 11க்குப் பதிலாக 3 என்று இட்டுக் கணக்கைப் போட்டேன். இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாயினும், 55 விழுக்காட்டினர் விரும்பும் ஒருவர் மூவர் குழுவின்முன் வெல்லும் வாய்ப்பு 100க்கு 57தான். ஆனால் ஒன்றையொன்று சாராத ஐந்து குழுக்களின்முன் அவர் சென்றால், ஐந்தும் ஒருசேர மறுக்கும் வாய்ப்பு 100க்கு 2ஐக்கூட எட்டாது.

கணக்கு வேலை வாங்கித் தராது என்பதை அறிவேன். போட்டிக்கு வருவோரும் இருவர் மட்டுமல்லர். ஆயினும் ஒரு குழுவின் தீர்ப்பு என்னைப் பற்றிய முழுத் தீர்ப்பன்று என்பதை எண்களே எனக்கு உணர்த்தின. குறையிருப்பின் திருத்திக்கொள்வோம், திருத்திக்கொண்டு அடுத்த குழுவின்முன் செல்வோம். நான் மேலும் இரு தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். தாளைக் கிழித்த நண்பரும் என்னுடன் வருகின்றார்.