கணிப்பொறியின் நாட்குறிப்பு



கரை தெரியாத நடுக்கடலில் ஒரு கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை எப்படி அறிவது? சாலையோரத்து மைல்கற்கள் கடலில் கிடையா. பழங்கால மாலுமிகள் இதற்கு எளிய முறை ஒன்றைக் கையாண்டார்கள். ஒரு மரக்கட்டையை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறமாகக் கடலில் எறிவார்கள். கட்டை ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே மிதந்து நிற்கும். கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு உருளையிலிருந்து அவிழும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 விநாடி மணற்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால், அதுவே கப்பலின் வேகம்.

கணக்கிட்டுப் பாருங்கள். 47 அடி 3 அங்குலம் என்பது 14.40 மீட்டர். இதை 28 ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.514 மீட்டர் கிடைக்கிறது. ஒரு கடல் மைல் 1852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகத்தை விநாடிக்கு மாற்ற, 1852 ஐ 3600 ஆல் வகுத்தாலும் அதே 0.514 வருகிறது! கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது 'முடிச்சு', என்ற அலகால் குறிப்பது இதனால்தான்.

கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். கட்டை காட்டிய வேகத்தைக் குறித்து வைத்த ஏடு 'லாக் புத்தகம்' ஆயிற்று. நாளடைவில் காற்று, திசை, விபத்து என்று பயணத்தில் நடந்த யாவும் அதில் ஏறின. கணிப்பொறி நிரல் ஒன்று, தான் செய்வதைத் தானே குறித்துக்கொண்டு போவதற்கும் 'லாகிங்' என்றே பெயர் வைத்தார்கள். நாம் இதனைப் 'பதிவு' என்று அழைப்போம்.

பதிவு எதற்கு?

ஒரு மருத்துவமனையில் தடுப்பூசி மருந்துகள் வைத்திருக்கும் குளிர்பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் பாதுகாக்க வேண்டும். சூடு ஏறினால் மருந்து வீரியம் இழக்கும். சிலவகை மருந்துகள் உறைந்து போனாலும் பயனற்றுப் போகும். கெட்ட மருந்து, பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு விநாடியும் வெப்பநிலையை அளக்க ஒரு சிறிய நிரலை எழுதுகிறோம்.

காலையில் பெட்டியைத் திறக்கிறோம். வெப்பமானி 5 டிகிரி காட்டுகிறது. எல்லாம் சரிதானா? நள்ளிரவில் மின்சாரம் நின்று, வெப்பநிலை 14 டிகிரிக்கு ஏறி, பிறகு இறங்கியிருந்தால்? 'இப்போது என்ன' என்பதை வெப்பமானி சொல்லும்; 'இரவு என்ன நடந்தது' என்பதைப் பதிவேடுதான் சொல்லும். அந்த மருந்தைக் குழந்தைக்குப் போடலாமா கூடாதா என்பதை இந்தப் பதிவேட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நிரல் எழுதப் பழகும் எவரும் முதலில் செய்வது, வேண்டிய இடங்களிலெல்லாம் 'திரையில் அச்சிடு' என்று ஆணை கொடுப்பதுதான். ஆனால் திரையில் வந்தது ஓடி மறைந்துவிடும். நேரம் தெரியாது. எது முக்கியம், எது சாதாரணம் என்ற வேறுபாடும் இராது.

பொதுச் சரக்கறை

கைடோ வான் ரோஸம் என்ற டச்சு அறிஞர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட நிரல்மொழி பைத்தான். மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்தக் கருவிகளின் தொகுப்புக்கு 'நிலை நூலகம்' என்று பெயர். கணக்கு, தேதி, கோப்பு ஆகியவற்றுக்கான கருவிகளெல்லாம் அதில் உண்டு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் பதிவுக்கென்று பொதுக்கருவி இல்லை. அவரவர் தமக்குத் தோன்றியபடி ஒன்றை எழுதிக்கொண்டார்கள். பத்துப் பேர் எழுதிய பகுதிகளை ஒரே நிரலில் சேர்த்தால், பத்து விதமான பதிவேடுகள் இருக்கும். எல்லாவற்றையும் நேர வரிசையில் கோத்துப் படிப்பது யாரால் ஆகும்?

இக்குறையைப் போக்க வினய் சாஜிப், ட்ரென்ட் மிக் ஆகிய இருவரும் 2002இல் ஒரு முன்மொழிவை வைத்தார்கள். பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவுகளில் அதன் எண் 282. வினய் சாஜிப் எழுதிய பதிவுக்கருவி, 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 பதிப்பில் இடம்பெற்றது.

ஐந்து படிகள்

இக்கருவியின் முதல் சிறப்பு, செய்திகளைத் தரம் பிரிப்பது. ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் உண்டு. பிழை தேடுவோருக்கான நுண்செய்தி 10, சாதாரணத் தகவல் 20, எச்சரிக்கை 30, பிழை 40, பேராபத்து 50. இடையே எண்கள் காலியாக இருப்பதால், வேண்டுவோர் புதிய படி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 'எனக்கு 30க்குக் குறைந்தவை வேண்டா' என்று ஒரு வரம்பை வைத்தால், 10ம் 20ம் வாசலிலேயே நின்றுவிடும். தனியாக எதுவும் சொல்லாவிட்டால், வரம்பு 30 என்றே கருவி எடுத்துக்கொள்ளும்.

தரம் பிரிப்பது அவ்வளவு முக்கியமா? 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு மருத்துவக் கருவியால் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகர மருத்துவமனையில் அக்கருவியின் திரை, 'கோளாறு 54' என்ற பொருளில் ஒரு வரியை மட்டும் காட்டியது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது இயக்குபவரிடம் இருந்த கையேட்டில் விளக்கப்படவில்லை. அக்கருவி அடிக்கடி ஏதேனும் கோளாறு எண்ணைக் காட்டி நின்றுவிடும். 'தொடர்க' என்ற பொத்தானை அழுத்தினால் மீண்டும் ஓடும். அதே பழக்கத்தில் அன்றும் பொத்தான் அழுத்தப்பட்டது. நோயாளிமீது கதிர்வீச்சு இரண்டாம் முறையும் பாய்ந்தது.

விபத்தின் மூலகாரணம் நிரலின் உள்ளே இருந்த பிழையும், பாதுகாப்புத் தடைகள் போதாமையுமே. ஆயினும் அற்பக் கோளாறும் உயிர்போகும் கோளாறும் ஒரே தோற்றத்தில் திரைக்கு வந்ததால், எச்சரிக்கை இருந்தும் எச்சரிக்கவில்லை. தரம், இடம், நேரம், பொருள் விளங்கும் சொல் ஆகிய நான்கும் ஒரு நல்ல செய்திக்கு வேண்டும்.

செய்தி செல்லும் வழி

பைத்தான் பதிவுக்கருவியின் உறுப்புகளை ஒரு தபால் நிலையத்தோடு ஒப்பிடலாம். செய்தியை முதலில் வாங்குபவர் 'லாகர்', அதாவது பதிவாளர். அவர் நேரம், தரம், நிரலின் எந்த வரி என்ற விவரங்களை எல்லாம் சேர்த்து ஓர் உறையில் இடுகிறார். அதனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் 'ஹேண்ட்லர்'. ஒருவர் கோப்பில் எழுதுவார். ஒருவர் திரையில் காட்டுவார். இன்னொருவர் மின்னஞ்சலாக அனுப்புவார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு வைக்கலாம். எல்லா அளவீடுகளும் கோப்புக்கு, 50ஆம் தரச் செய்தி மட்டும் மருத்துவ அதிகாரிக்கு மின்னஞ்சல் என்று ஏற்பாடு செய்ய இது உதவுகிறது.

பதிவாளர்களுக்குள் குடும்ப முறையும் உண்டு. 'மருத்துவமனை' என்பவர் தந்தை என்றால், 'மருத்துவமனை.குளிர்பெட்டி' என்பவர் பிள்ளை. பிள்ளைக்குத் தனி வரம்பு இல்லையென்றால் தந்தையின் வரம்பே செல்லும். பிள்ளை ஏற்றுக்கொண்ட செய்தி, தந்தையின் ஹேண்ட்லர்களுக்கும் போய்ச் சேரும்.

தொலைந்த எச்சரிக்கை

இவ்வளவு நன்றாக அமைந்த கருவியிலும் குறைகள் இருந்தன. அவற்றை எப்படித் திருத்தினார்கள் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

பதிவாளரை உருவாக்கிய ஒருவர், ஹேண்ட்லரை அமைக்க மறந்துவிட்டார் என்று கொள்வோம். குளிர்பெட்டி சூடாகிறது. '11 டிகிரி' என்று நிரல் எச்சரிக்கிறது. பழைய பதிப்புகளில் அப்போது என்ன வரும் தெரியுமா? 'இந்தப் பதிவாளருக்கு ஹேண்ட்லர் எவரும் இல்லை' என்ற பொருளில் ஒரே ஒரு முறை ஒரு வரி வரும், அவ்வளவுதான். '11 டிகிரி' என்ற செய்தி போன இடம் தெரியாது! வீடு தீப்பற்றியதைச் சொல்ல வந்தவனிடம், 'மனு எழுதும் தாள் தீர்ந்துவிட்டது' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதைப் போன்றது இது.

2011 பிப்ரவரியில் வந்த பைத்தான் 3.2 பதிப்பில் இதற்குத் தீர்வு கண்டார்கள். ஹேண்ட்லர் எவரும் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும் 'கடைசிப் புகலிடம்' ஒன்றை வைத்தார்கள். தரம் 30ம் அதற்கு மேலும் உள்ள செய்திகளை அது திரைக்கு அனுப்பிவிடும். அழகான வடிவம் இராது. ஆனால் எச்சரிக்கை தொலையாது.

எழுதாத செய்திக்கு உழைப்பு ஏன்?

நுண்செய்திகள் சாதாரண நாட்களில் வரம்புக்குக் கீழே இருப்பதால் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவற்றைத் தயாரிக்கும் வேலை நடந்தால் நேரம் வீண். ஆகவே இக்கருவியிடம் வாக்கியத்தையும் எண்ணையும் தனித்தனியே கொடுக்கும் முறை உண்டு. 'வெப்பநிலை இவ்வளவு' என்ற வெற்றிடமுள்ள வாக்கியம் ஒருபுறம், 5.2 என்ற எண் மறுபுறம். கருவி முதலில் தரத்தைப் பார்க்கும். செய்தி எழுதப்படும் என்றால் மட்டுமே இரண்டையும் சேர்க்கும்.

தரத்தைப் பார்ப்பதற்கும் உழைப்பு உண்டல்லவா? பிள்ளைக்கு வரம்பு இல்லையென்றால் தந்தையிடம், அவரிடமும் இல்லையென்றால் பாட்டனிடம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். 2018இல் வந்த 3.7 பதிப்பில், ஒருமுறை கிடைத்த விடையைப் பதிவாளரே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு செய்தார்கள். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தந்தையின் வரம்பு பின்னர் மாறினால், பிள்ளை நினைவில் வைத்திருக்கும் விடை தவறாகிவிடும். அதனால் யாருடைய வரம்பு மாறினாலும் எல்லாப் பதிவாளர்களின் நினைவும் உடனே அழிக்கப்படுகிறது. வேகத்துக்காகச் செய்யும் திருத்தம் உண்மையைக் கெடுக்கக் கூடாது.

காத்திருக்கும் நிரல்

மின்னஞ்சல் அனுப்ப 3 விநாடி ஆகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு விநாடியும் அளக்க வேண்டிய நிரல், அந்த 3 விநாடியும் கைகட்டிக் காத்து நிற்கும். அதற்குள் சில அளவீடுகள் தவறிவிடும். அதுவும் ஆபத்து நேரத்தில்!

3.2 பதிப்பில் இதற்கும் வழி செய்தார்கள். செய்தியை ஒரு வரிசையில் போட்டுவிட்டு நிரல் தன் வேலைக்குத் திரும்பிவிடும். வேறொரு பணியாளர் அவ்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புவார். ஆனால் நிரல் திடீரென்று நின்றுபோனால், வரிசையில் காத்திருந்த செய்திகள் போய்விடலாம். ஆகவே முக்கியமானவற்றை நேரே கோப்பிலும், தாமதமாகக்கூடியவற்றை வரிசை வழியாகவும் அனுப்புவது நல்லது.

குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்த்தல்

நிலை நூலகத்தைத் திருத்துவது, ஆட்கள் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்ப்பதைப் போன்றது. அதை நம்பி எத்தனையோ நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெற்றிடமுள்ள வாக்கியங்களில் சதவீதக் குறியை இடுவது பழைய வழக்கம். பிறகு வளைவு அடைப்புக்குறி முறை பைத்தானில் பரவியது. 3.2 பதிப்பில், பதிவின் வடிவத்தை அமைக்கப் புதிய முறையையும் அனுமதித்தார்கள். ஆனால் சொல்லாவிட்டால் பழைய முறையே செல்லும் என்று வைத்தார்கள். 2003இல் எழுதிய நிரலைப் புதிய திருத்தம் உடைத்துவிடக் கூடாது என்ற கவனம் இதில் இருக்கிறது.

உங்கள் ஆய்வக ஏட்டிலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். அளவு எடுத்தவுடன் எழுதுங்கள், நேரத்தைக் குறியுங்கள், தவறானதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடியுங்கள். விடையோடு பொருந்தாத அளவு என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள். பின்னர் பிழையைக் கண்டுபிடிக்க உதவுவது பெரும்பாலும் அந்த அளவுதான்.

செய்து பாருங்கள்

1. குளிர்பெட்டி நிரல் விநாடிக்கு ஒரு செய்தி, செய்திக்கு 100 பைட்டு வீதம் எழுதினால், ஒரு நாளில் கோப்பு எவ்வளவு வளரும்? ஓர் ஆண்டில்?

2. கீழ்க்காணும் செய்திகளுக்கு 10, 20, 30, 40, 50 ஆகிய தரங்களைக் கொடுங்கள்: (அ) வெப்பநிலை 5.1 டிகிரி என்று உணர்கருவி தந்த எண், (ஆ) நிரல் தொடங்கியது, (இ) 7.8 டிகிரி, எல்லையை நெருங்குகிறது. (ஈ) ஓர் அளவீட்டைப் படிக்க இயலவில்லை. (உ) ஒரு மணி நேரமாக 12 டிகிரி.

3. ஒரு பதிவாளரின் வரம்பு 20. கோப்பு ஹேண்ட்லரின் வரம்பு 10. மின்னஞ்சல் ஹேண்ட்லரின் வரம்பு 50. தரம் 10, 30, 50 உள்ள மூன்று செய்திகள் எங்கெங்கே போய்ச் சேரும்?

விடைகள்: 1. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆகவே 86,40,000 பைட்டு, அதாவது 8.64 மெகாபைட்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 3.15 கிகாபைட்டு. கோப்பு ஓர் அளவை எட்டியதும் புதுக்கோப்பைத் தொடங்கி, மிகப் பழையதை நீக்கும் ஹேண்ட்லரும் பைத்தானில் உண்டு. 2. வரிசையாக 10, 20, 30, 40, 50. (ஈ), (உ) இரண்டிலும் எது பெரிது என்று நண்பர்களோடு வாதிட்டுப் பாருங்கள். அளவே கிடைக்காத நிலை நீடித்தால் அதன் தரம் என்ன? 3. தரம் 10 பதிவாளரிடமே நின்றுவிடும், 30 கோப்புக்கு மட்டும், 50 இரண்டுக்கும்.