பிளாக்கில் காது உடைந்தால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். நம் அம்பாசடரில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் இன்ஜின் பிளாக்கோடு சேரும் காதில், ஒரு ஓட்டையின் வாயோரம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. பக்கத்து ஓட்டையில் மரை போய்விட்டது. நாளைக்கே வெல்டிங் வைக்க ஆள் பேசிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. உத்தரபாரா தொழிற்சாலையில் 2014இலேயே இந்தக் காரின் உற்பத்தி நின்றுவிட்டது. அவசரத்தில் கெட்டுப்போனால் புது பிளாக்குக்கு எங்கே போவாய்?

பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்து, முறிந்த முகத்தைப் பார். பாதிக்கு மேல் எண்ணெய்க் கறுப்பு. ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாகப் புதுச் சாம்பல் நிறம். கறுத்த பகுதி முன்பே விரிந்து எண்ணெய் குடித்தது. சாம்பல் பகுதிதான் இப்போது விட்டது. ஆக, இது ஒரே நாளில் வந்த உடைப்பு இல்லை. காரணத்தைத் தீர்க்காமல் ஒட்டினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விடும்.

காரணமும் உன் படத்திலேயே இருக்கிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள், பிராக்கெட் சரியாக உட்காராததால் மேலே வாஷர் அடுக்கியிருக்கிறார்கள். கீழே இருந்த இடைவெளியை போல்ட்டை முறுக்கியே மூடிவிட்டார்கள். தகடாக இருந்தால் வளைந்து கொடுக்கும். வார்ப்பிரும்பு கொடுக்காது. அதிலுள்ள கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கிறது. அழுத்தினால் நன்றாகவே தாங்கும். இழுத்தால் அந்தச் செதில் வழியாகவே பிளக்கும்.

மரை போனதற்குக் காரணம் வேறு. இது இங்கிலாந்து பிஎம்சியின் 1489 சிசி இன்ஜின். போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லி போல்ட் கையில் இருந்தால் யாருக்கும் அதைப் போட்டுவிடத் தோன்றும். முதல் சுற்று ஏறும், பிறகு இறுகும், ஸ்பானர் போட்டதும் மரையை அறுத்துக்கொண்டு போகும். அந்த 5/16 போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை, கரடு வகை என்றால் 18. எட்டு மில்லிக்கு ஏறக்குறைய இருபது. இரண்டிலும் சேராது. மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் போல்ட் வாங்கு.

வெல்டிங்கை ஏன் தடுக்கிறேன் தெரியுமா? கொதிக்கும் டீயைக் குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றுகிற கதைதான் அது. பற்றவைத்த இடம் உருகும்போது, சுற்றியுள்ள பெரிய பிளாக் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். திடீரென்று ஆறிய ஓரம் டிரில்லே ஏறாத அளவுக்குக் கெட்டியாகி, புதிதாக விரியும். நிக்கல் ராடு, முன்சூடு, அங்குல நீளத்துக்கு ஒரு இழை, உடனே சுத்தியால் மெல்லத் தட்டல், பிறகு மணலில் மூடி மெதுவாக ஆறவிடுதல் என்று முறையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கோவையில் ஃபவுண்டரி வேலை பழகியவர்களிடம் அது கிடைக்கும். ஆனால் பிளாக்கைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். நமக்கு அவ்வளவு தேவையா என்று முதலில் பார்ப்போம்.

பெயர்ந்தது வாயோரம்தான். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார். 12 மில்லிமீட்டர் நல்ல மரை மிச்சம் இருந்தால் சூடே வேண்டாம். மரை போன ஓட்டைக்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போடு. கிட்டிலேயே டிரில்லும் டேப்பும் வரும். நேராகப் பிடி, ஆழத்தை டிரில்லில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள். அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் வழி இருக்கலாம். போல்ட்டுக்குப் பதில் இரண்டிலும் ஸ்டட் ஏற்று. அப்போது ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பிளாக்கின் மரை தேயாது, நட் மட்டும்தான் கழலும். ஏற்றுமுன் ஓட்டைக்குள் எண்ணெய் தேங்காமல் துடைத்துவிடு. அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோடு முறுக்கினால், அந்த அழுத்தமே பிளாக்கைப் பிளக்கும்.

மரை மிச்சம் இல்லையென்றால் பித்தளைப் பிரேசிங். ஏறக்குறைய 900 டிகிரியில் பித்தளைதான் உருகும், பிளாக் உருகாது. முன்னதாக, குடித்த எண்ணெயைச் சுடரில் எரித்து எடுக்கச் சொல். முகத்தைக் கிரைண்டரால் தேய்க்க விடாதே. கிராஃபைட் பூசிக்கொண்டால் பித்தளை பிடிக்காது. அரம் போதும்.

எதுவானாலும் அந்த வாஷர் அடுக்கு திரும்பிப் போகக் கூடாது. லேத்தில் சரியான கனத்துக்கு ஒரு ஸ்பேசர் கடைந்து வாங்கு. நட்டை விரலால் சுற்றும்போதே பிராக்கெட் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். ஸ்பானர் இறுக்குவதற்கு மட்டும்தான். பெல்ட் நேராக ஓடுகிறதா பார். இருநூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இரண்டு நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, கம்பி காட்டிய ஆழத்தையும் சேர்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா