முழங்கால் வலியும் நம் கையில் உள்ள மருந்தும்

வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்து கொண்டிருந்த மூத்த அன்பர்கள் சிலர், கொஞ்சம் கொஞ்சமாக வருவதை நிறுத்தி விடுகின்றனர். வீடு தேடிச் சென்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "முட்டி தேஞ்சு போச்சு வாத்தியாரே. நடந்தா இன்னும் தேஞ்சிடுமோன்னு பயமா இருக்கு." இந்தப் பதிலில் வலி உண்மை, பயம் தவறானது. அதே பயத்தால் நான்கு மாதங்கள் வீட்டில் முடங்கிக் கிடந்தவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றே பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் கால் மடங்காது. படி இறங்கினால் வலி. சம்மணமிட்டு அமர்ந்தால் எழ முடியாது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 'மூட்டுத் தேய்மானம்' என்றார். சைக்கிள் டயர் ஓட ஓடத் தேய்வதுபோல என் முட்டியும் நடக்க நடக்கத் தேயும் என்று நானாகவே முடிவு கட்டி, நாற்காலியே கதி என்று உட்கார்ந்து விட்டேன்.

இது நம்மில் பலருக்கும் உள்ள துன்பம். 2007ஆம் ஆண்டு வெளிவந்த மலேசிய ஆய்வொன்றின்படி, 55 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு முழங்கால் வலி உள்ளது. முதுமை, உடல் பருமன், பழைய அடி, பரம்பரை ஆகியவற்றோடு, பல ஆண்டுகள் குந்தியும் மண்டியிட்டும் பளு தூக்கியும் உழைப்பதும் இதற்குக் காரணமாகும். விடியுமுன்னே பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, செம்பனைக் குலை தூக்கிய நம் தோட்டத்துப் பெற்றோரின் கால்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் மூட்டு டயர் அன்று. அது உயிருள்ள உறுப்பு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. நடக்கும்போது அமுங்கியும் விரிந்தும், பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல அந்தத் திரவத்தை ஏற்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. மேலும், முட்டியைத் தாங்கும் தொடைத் தசைகள் ஓய்வில் இளைத்து விடுகின்றன. பிறகு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் மூட்டின்மேல்தான் விழுகிறது.

பிசியோதெரப்பிக்கு அனுப்பப்பட்டபோது, எண்ணெய் தேய்த்து, சூடு வைத்து அனுப்புவார்கள் என்றே எதிர்பார்த்தேன். அங்கிருந்த இளம்பெண் முதலில் அளவு நாடாவை எடுத்து என் இரு தொடைகளையும் அளந்தார். வலது தொடை இடதை விட இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது. "ஐயா, இதை நான் தேய்த்து வளர்க்க முடியாது. நீங்கள்தான் வளர்க்க வேண்டும்" என்றார். மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தே பழகிய எனக்கு அன்று வீட்டுப்பாடம் கிடைத்தது.

அவர் கற்றுத் தந்தவை இவை:

1. காலை நீட்டி அமர்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்துத் தளர்த்த வேண்டும்.

2. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறுகாலை நேராக ஓரடி உயரம் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும்.

3. உறுதியான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து, மெல்ல அமர வேண்டும். முடியாதவர்கள் இருக்கையின்மேல் தலையணை வைத்து உயர்த்திக் கொள்ளலாம்.

4. சமையலறை மேடையைப் பிடித்து நின்று, குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் பத்து முறை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பதற்கு அஞ்ச வேண்டாம். மறுநாள் காலைக்குள் அந்த வலி தணிந்தால் சரியான அளவு. தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. பலர் கைவிடுவது இங்கேதான். ஆறாவது வாரம் பிடிமானமின்றி எழுந்தேன். மூன்றாம் மாதம் ஆலயத்திற்கு நடந்தே வந்தேன். வலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் என் நாளை அது ஆள்வதில்லை.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. டென்மார்க் நாட்டில் 2013இல் தொடங்கிய 'கிளாட்' என்னும் திட்டத்தில், மூட்டு நோயாளிகள் நோயைப் பற்றிய பாடத்தோடு ஆறு வாரங்களில் 12 பயிற்சி வகுப்புகள் பெறுகின்றனர். இன்று பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் 156 நோயாளிகளிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களை விட பிசியோதெரப்பி பெற்றவர்களே ஓராண்டுக்குப் பின் நலமாக இருந்தனர்.

எடையையும் கவனிக்க வேண்டும். உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மேல் விழும் சுமை 4 கிலோ குறைவதாக 2005இல் ஓர் ஆய்வு கண்டது. சர்க்கரைப் பொங்கலும் பிரசாதந்தான். ஒரு கரண்டியிலும் அதே அருள் உண்டு.

எச்சரிக்கையும் தேவை. வலி மாத்திரைகளை நாமாகவே நீண்ட நாள் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பெயர் தெரியாத 'மூட்டு வலி' மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. முட்டி திடீரென வீங்கிச் சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் ஊன்றவே முடியாமற் போனாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மிக முற்றிய நிலையில் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்; அதற்கும் வலுவான தொடை துணை நிற்கும்.

மஸ்ஜித் தானா அரசு சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டி, பிசியோதெரப்பிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அலோர் காஜா மருத்துவமனையிலும் மலாக்கா பொது மருத்துவமனையிலும் அதற்கான பிரிவுகள் உண்டு. பிள்ளைகளே, பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். "பேசாம உட்காருங்க" என்று அன்போடு சொல்லி அவர்களை முடக்கி விடாதீர்கள்.

படிகளுக்கு ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது காலை வைத்துத்தானே கோயிலுக்குள் வர வேண்டும் என்று என்னைப் போல் வலது முட்டி நோகிறவர்கள் கேட்கலாம். படிகளில் இடது காலை முன்வைத்து ஏறுங்கள். வாசலில் நின்று நிதானித்து வலது காலை எடுத்து வையுங்கள்.

மருத்துவத்தின் நான்கு பகுதிகளைக் கூற வந்த வள்ளுவர், நோயாளியையே முதலில் வைத்தார். மருத்துவர் வழி காட்டுவார். நடக்க வேண்டியவர் நாம்.

அன்பர்களே, தரையில் அமர முடியவில்லையே என்று கூச்சப்பட்டு வராமல் இருக்க வேண்டாம். மண்டபத்தில் நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதில் குறையேதும் இல்லை. அந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து தீபாராதனை காணுங்கள். அன்றைய பயிற்சியில் ஒன்று முடிந்ததாகும். அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்.