ஓரத்தில் நிற்பவர்: 40 மி.மீ. லென்ஸும் நம் குடும்பப் படங்களும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் 1994 நவராத்திரியின்போது எடுத்த படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அப்போது லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். ஏழு படிக் கொலு. அதன் முன்னால் மூன்று தலைமுறை. எல்லோரும் நன்றாக விழுந்திருக்கிறார்கள், அம்மாவைத் தவிர. சுண்டலை இறக்கி வைத்துவிட்டுக் கடைசியாக வந்தவள், வலக் கோடியில் நின்றாள். படத்தில் அவளது பாதி முகமும் ஒரு தோளும்தான் இருக்கின்றன. அடுத்த தை மாதம் அம்மா காலமானாள். அதுவே அவளது கடைசிப் படம்.

எடுத்தவன் நான். நண்பரிடம் இரவல் வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா. பார்வைச் சன்னலில் அம்மா முழுதாகத் தெரிந்தாள். பிறகு எப்படி வெட்டுப்பட்டாள்? இது எனக்கு விளங்கப் பல நாளாயிற்று. வாசகர்களில் சிலரது வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ வாங்கிய பழைய காமிரா பீரோவில் இருக்கலாம். இப்போது பிள்ளைகள் அதை ஆசையாகத் தேடி எடுக்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பாடம்.

சன்னல் வேறு, லென்ஸ் வேறு

எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் அப்படியல்ல. மேலே ஓரமாகத் தனிச் சன்னல் ஒன்று உண்டு. அதில் தெரியும் வெள்ளைக் கோட்டுச் சட்டம்தான் படத்தின் எல்லை. லென்ஸ் மாற்றக்கூடிய காமிராக்களில், லென்ஸின் பின்புறத்து விளிம்பு உள்ளேயுள்ள நெம்புகோலைத் தள்ளும். அதற்கேற்ற சட்டம் தோன்றும். 35, 50, 90 மி.மீ. லென்ஸ்களுக்கு இப்படிச் சட்டங்கள் உண்டு.

இடைப்பட்ட 40 மி.மீ. லென்ஸுக்கு? லைக்காவும் மினோல்டாவும் சேர்ந்து 1973-இல் கொண்டுவந்த லைக்கா சி.எல். காமிராவில் 40-க்குச் சட்டம் இருந்தது. லைக்காவின் எம் வரிசையில் இல்லை. அந்த லென்ஸை அதில் பொருத்தினால் 50-இன் சட்டம்தான் வரும். சிலர் லென்ஸின் விளிம்பை அரத்தால் ராவி, 35-இன் சட்டம் வரும்படி செய்துகொள்வார்கள். என் கைக்கு வந்தது அப்படி ராவிய லென்ஸ். அது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கேனனெட் க்யூ.எல்.17 ஜி-III (40 மி.மீ.), யாஷிகா எலெக்ட்ரோ 35 (45 மி.மீ.) போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸைக் கழற்ற முடியாது. சட்டமும் அதற்கென்றே போட்டது.

கணக்கைப் பார்ப்போம்

35 எம்.எம். பிலிமில் ஒரு படம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். தூரத்தை 36-ஆல் பெருக்கி லென்ஸின் எண்ணால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும்.

40 மி.மீ. லென்ஸுடன் 10 அடி தள்ளி நின்றால் 9 அடி அகலம், 6 அடி உயரம் அடங்கும். அதே 9 அடிக்கு 50 மி.மீ. லென்ஸில் பன்னிரண்டரை அடி பின்னால் போகவேண்டும். நம் வீட்டு அறைகளில் அதற்குள் முதுகு சுவரில் இடிக்கும். 35 மி.மீ. லென்ஸில் ஒன்பது அடிக்குள் நெருங்கினால் போதும். ஆனால் முன்வரிசைக் குழந்தைகள் சற்றே பெரிதாகத் தெரிவார்கள். படத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ.; 40 அதற்கு அருகில் இருப்பதால் பார்வைக்கு இயல்பாகவும் இருக்கும். வீட்டுக்குள் எடுக்க இதைவிடத் தோதான லென்ஸ் அரிது.

இனி சட்டத்துக்கு வருவோம். 10 அடி தூரத்தில் 50-இன் சட்டம் காட்டுவது சுமார் 7 அடி; 35-இன் சட்டம் காட்டுவது சுமார் 10 அடி. பிலிமில் விழுவதோ 9 அடி. அதாவது 50-இன் சட்டத்தை நம்பினால் பக்கத்துக்கு ஓரடி கூடுதலாகக் கிடைக்கும். 35-இன் சட்டத்தை நம்பினால் பக்கத்துக்கு அரையடி போய்விடும். அம்மா நின்றது அந்த அரையடியில்.

கைக்கொள்ள வேண்டியவை

1. முதல் வேலையாக எந்தச் சட்டம் வருகிறது என்று பாருங்கள். சுவரில் அளவு நாடாவை ஒட்டி, 10 அடியிலிருந்து ஒரு படம் எடுத்துக் கழுவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

2. 50-இன் சட்டம் வந்தால் ஆட்களை அதற்குள் நிறுத்துங்கள். சுற்றிலும் கொஞ்சம் அதிகம் விழும். அதில் மின்விசிறிக் கம்பியோ செருப்போ வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

3. 35-இன் சட்டம் வந்தால், இரு ஓரத்திலும் ஓர் ஆளின் தலையகலம் வெறுமையாக விடுங்கள்.

4. பிரிண்ட் அளவும் முக்கியம். 6க்கு 4 அங்குலத்தில் படம் முழுதாக வரும். 7க்கு 5 என்றால் நீளவாட்டில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு போய்விடும்.

5. மிக அருகில் எடுக்கும்போது சன்னலும் லென்ஸும் ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. சட்டம் தானே நகராத காமிராவானால் தலைக்கு மேல் கூடுதல் இடம் விடுங்கள்.

பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் பெரும்பாலும் லைக்காவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே உலகைச் சுற்றினார். 1950 ஏப்ரல் 14 அன்று ரமண மகரிஷி முக்தியடைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் அவர். அவரது இந்தியப் படங்களின் தொகுப்பு 1987-இல் வந்தபோது முன்னுரை எழுதியவர் நம் ஊர் சத்யஜித் ராய். எடுத்த படத்தைப் பின்னால் வெட்டித் திருத்துவது கார்த்தியே-பிரெசோனுக்குப் பிடிக்காது. அவருக்குச் சட்டமும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. இடைப்பட்ட லென்ஸ் வைத்திருக்கும் நாமோ அந்த வித்தியாசத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கூடுதலாக விழுந்ததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். விழாமல் போனதை எந்தக் கடையிலும் ஒட்டித்தர முடியாது.

சென்ற நவராத்திரிக்கு என் பேத்தி காமிராவைக் கையில் எடுத்தாள். அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "நடுவில் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதே அம்மா, அவர்கள் எப்படியும் விழுந்துவிடுவார்கள். அடுப்படியிலிருந்து கடைசியாக வந்து ஓரத்தில் நிற்பது யார் என்று பார். அவர்களுக்கு அப்பால் ஒரு சாண் இடம் விடு." அவள் சன்னலில் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றாள்.